வலி சோம்பேறித்தனமல்ல

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பொன்றில் தையல் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை.)



நான் டாக்டர் அல்ல. இருபத்தாறு வருஷமாகப் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவன். சிங்கரும் ஓட்டுவேன், ஓவர்லாக்கும் ஓட்டுவேன், பிளாட்லாக்கும் ஓட்டுவேன். ஏழு வருஷமாக இடுப்பு வலியும் கழுத்து வலியும் என்னோடு கூடவே ஷிப்டுக்கு வருகின்றன. என்னோடு கூடவே வீட்டுக்குத் திரும்புகின்றன. அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இடுப்பு, கழுத்து, தோள், முட்டி, மணிக்கட்டு, இவற்றில் எங்கேயாவது மூன்று மாதத்துக்கு மேலாக வலி இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். சரி, இறக்கிக் கொள்ளுங்கள். தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம் போலிருக்கிறது!

இது திருப்பூரின் சங்கதி மட்டுமல்ல. 2020-ல் உலகத்தில் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். 2050-ல் இது 84 கோடியே 30 லட்சமாக உயரும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. மனிதனை முடக்கிப் போடும் காரணங்களில் உலகத்திலேயே முதலிடம் இந்த வலிக்குத்தான். ஆனால் இதற்குக் காய்ச்சலுக்குள்ள மரியாதைகூட இல்லை. காயம் தெரியாது, ரத்தம் வராது. ஆகவே, வலி என்று சொன்னால், "வேலைக்குக் கள்ளம்" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் சூப்பர்வைசர்கள் மட்டும்தானா? இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் என் தவறு

எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் லைனில் செக்கிங் மேஜையில் ஒரு அக்கா வேலை செய்தார். ஒண்ணரை ஷிப்டு, பன்னிரண்டு மணி நேரமும் நின்ற நிலை. ஒரு நாள் டீ நேரத்தில் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க சொன்னா சூப்பர்வைசர் கேப்பாருங்க. ஒரு ஸ்டூல் மட்டும் கேட்டுக் குடுங்க. இடுப்பு விட்டுப் போகுதுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏனுங்கக்கா, வயசாயிப் போச்சா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு மாதத்தில் வேலையிலிருந்து நின்று விட்டார்.

அடுத்த வருஷம் என் இடுப்பு பிடித்துக் கொண்டது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. ஸ்டூல் கேட்டவரைக் கிழவி என்று கேலி செய்தவன், தனக்கு வலி வந்தபோது ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைனை விட்டுத் தூக்கி விடுவார்கள், பீஸ் ரேட் போய்விடும் என்ற பயம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று விழுங்கிக் கொண்டு தைத்தேன். ஒரு வருஷம் இப்படி ஓடிற்று. கடைசியில் வயிறு புண்ணாயிற்று, வலி போகவில்லை.

தோழர்களே, வலி மாத்திரையை டாக்டர் கணக்கோடு கொடுத்தால் அது மருந்து. நாமாக மாதக் கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அரித்து விடும். உறை இல்லாமல், பெயர் இல்லாமல், பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சொர்க்கம். பிறகு எலும்பும் சர்க்கரையும் நாசம்.

படுக்கை வைத்தியம்

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "டிஸ்க் வீங்கியிருக்கிறது, படு" என்று ஒருவர் சொன்னார். மூன்று வாரம் படுத்தேன். கூலி போயிற்று. கடன் ஏறிற்று. எழுந்தபோது முன்னிலும் மோசம். உட்காரவே தெம்பில்லை. "இனி நம் தொழில் முடிந்தது" என்று நினைத்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது சர்க்கார் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தருகிற ஓர் அம்மா. அவர் இரண்டு விஷயம் சொன்னார்.

ஒன்று: 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது வீங்கித்தான் இருந்தது. எல்லா டிஸ்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். தலை நரைப்பது போல டிஸ்கும் நரைக்கிறது. படத்தில் தெரிகிற வீக்கத்தைப் பார்த்து வாழ்க்கை முடிந்து போனதாக நினைக்க வேண்டியதில்லை.

இரண்டு: பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களில், திடீரென்று இடுப்பு பிடித்துக் கொண்டவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் படுக்கை, ஒரு பிரிவுக்கு விசேஷப் பயிற்சி, மூன்றாவது பிரிவினர் முடிந்த அளவு தங்கள் வழக்கமான காரியங்களைச் செய்து வரவேண்டும். 1995-ல் முடிவு வெளியாயிற்று. சீக்கிரம் குணமானவர்கள் மூன்றாவது பிரிவினர். மிகத் தாமதமாகக் குணமானவர்கள் படுத்தவர்கள்!

ஆகவே வலி உள்ளவன் வேலை செய்யலாம். நடமாட்டம் அவனுக்கு மருந்து. ஆனால் எந்த வேலை, எந்த விதமாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிற்காத சங்கு

ஆலையில் தீப்பிடித்தால் சங்கு ஊதுகிறது. தீ அணைந்த பிறகும் சங்கு நிற்காமல் ஊதினால்? தீயில் கோளாறு இல்லை, சங்கில் கோளாறு. பல மாதம் நீடிக்கிற வலி பெரும்பாலும் இப்படிப்பட்டது. காயம் ஆறியிருக்கும். ஆனால் நரம்புகள் கூர்மையாகிப் போய், சின்னத் தொடுதலுக்கும் பெரிய வலியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தூக்கமில்லாமை, கடன் கவலை, வேலை போய்விடும் என்ற பயம், இவை எல்லாம் அந்தச் சங்கின் கயிற்றை இழுக்கிற கைகள். வலி பொய்யல்ல. மெய்யான வலிதான். ஆனால் வலிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமல்ல.

ஓர் எச்சரிக்கை. சிறுநீர் கட்டிக் கொண்டாலோ, மலமும் நீரும் தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, கால் பலமிழந்து இழுத்தாலோ, வலியோடு காய்ச்சலும் காரணமில்லாத மெலிவும் இருந்தாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தாமதம் கூடாது.

உடம்புக்கு நாம் செய்ய வேண்டியது

நம் பெரிய எதிரி எது? "நல்ல நாள்"தான்! வலி குறைவாக இருக்கிற நாளில் பீஸ் ரேட் ஆசையில் வெறி பிடித்தது போல அடித்துத் தள்ளுகிறோம். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு நாள் படுக்கிறோம். மூன்றாம் நாள் விட்டதைப் பிடிக்க மறுபடியும் ஓடுகிறோம். இந்தச் செக்கில் நானும் இரண்டு வருஷம் சுற்றினேன்.

அந்த அம்மா எனக்குச் சொன்ன வழி இது: வலி வந்த பிறகு நிறுத்தாதே, வருமுன் நிறுத்து. எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வலி கிளம்புகிறது என்று கடிகாரத்தைப் பார். நாற்பது நிமிஷமா? அப்படியானால் முப்பதாவது நிமிஷம் எழுந்து நில். தோளை உருட்டு, இடுப்பை நிமிர்த்து, தண்ணீர்ப் பானை வரை நடந்து வா. இரண்டு நிமிஷம் போதும். நல்ல நாளிலும் அதே கணக்கு, கெட்ட நாளிலும் அதே கணக்கு. இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிஷம் கூட்டு.

வாரக் கடைசியில் பீஸ் கணக்கைப் பார்த்தேன். தினமும் தைத்தது முன்னைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் படுக்கிற நாள் போய்விட்டது. மாதக் கணக்கில் பார்த்தால் கூலி கூடித்தான் இருந்தது.

காலையில் அரை மணி நடை. வயிற்றுக்கும் முதுகுக்கும் தோளுக்கும் பலம் தருகிற நாலு பயிற்சி. இன்ன பயிற்சிதான் என்று கட்டாயமில்லை. விடாமல் செய்வதே முக்கியம். 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளிக்கு விஷயத்தை விளக்குவது, உடற்பயிற்சி, மனப் பயத்தைப் போக்கும் சிகிச்சை ஆகியவற்றை அது சொல்கிறது. இடுப்புப் பட்டையும், எடை கட்டி இழுப்பதும், அபின் வகை மருந்துகளும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம்மில் எத்தனை பேர் கடன் வாங்கிப் பட்டை வாங்கியிருக்கிறோம்!

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்குக் கம்பெனி ஷிப்டு முடிந்ததும் வீட்டு ஷிப்டு தொடங்குகிறது. குடம் தூக்குவது, துவைப்பது, கூட்டுவது எல்லாம் அதே இடுப்புத்தான். "ஓய்வெடு" என்று மனைவியிடம் சொல்லி விட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் போதாது. குடத்தை நாம் தூக்க வேண்டும்.

வேலைக்குச் செய்ய வேண்டியது

ஆனால் தோழர்களே, உடம்பை மட்டும் பழுது பார்த்து, வலி கொடுத்த அதே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன பிரயோஜனம்?

முந்நூறு வருஷத்துக்கு முன்பே, 1700-ல், இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குனிந்து உட்கார்ந்தே தைக்கிற தையற்காரர்கள் கூன் விழுந்து, கால் வலியோடு நொண்டுவதைக் குறித்து வைத்தார். நோயாளியிடம் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் வைத்தியர் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். இன்றைக்கும் பல இடங்களில் அந்தக் கேள்வி நம்மைக் கேட்கப்படுவதில்லை. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்: "பவர் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறேன், டாக்டர்."

பெஞ்சை மாற்றினால் வலி குறையுமா? குறையும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தையல் கூடங்களில், கழுத்தும் தோளும் வலிக்கிற 277 தையல் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடத்தி, 2007-ல் வெளியிட்டார்கள். சிலருக்குத் தையலுக்கென்று செய்த, உயரம் மாற்றக் கூடிய நாற்காலி கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் நாற்காலி பெற்றவர்களின் வலி மற்றவர்களைவிடக் குறைந்தது. முன்பக்கம் வளைந்து சரிந்த இருக்கையில் பலன் அதிகம். அவர்களும் நம் போல் பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்தவர்கள்தான்.

கனடாவில் ஷெர்புரூக் என்ற ஊரில் 1997-ல் வெளியான பரிசோதனை இன்னும் முக்கியமானது. முதுகு வலியால் நாலு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதவர்களை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வைத்தியத்தோடு வேலை இடத்தையும் சீர்திருத்தினார்கள். தொழிலாளி, மேற்பார்வையாளர், சங்கப் பிரதிநிதி, நிர்வாகப் பிரதிநிதி எல்லோரும் நிபுணரோடு சேர்ந்து வேலையைப் பார்த்து, எதை மாற்றலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பிரிவினர், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகத்தில் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்.

எங்கள் லைனில் நாங்கள் என்ன செய்தோம்? ஆறு பேர் உட்கார்ந்து, யாருக்கு எங்கே வலி, எந்த அசைவில் வலி என்று ஒரு தாளில் எழுதினோம். எழுதிப் பார்த்ததும் காரணங்கள் தாமாகவே தெரிந்தன. பண்டல் இடது பக்கம் பின்னால் தரையில் கிடக்கிறது. ஒவ்வொரு பீஸுக்கும் இடுப்பைத் திருகிக் குனிகிறோம். பெடல் தூரத்தில் இருக்கிறது. முதுகு சாய முடியவில்லை. விளக்கு போதாது, கழுத்தை ஊசிக்குக் கொண்டு போகிறோம். செக்கிங்காரர்கள் உட்கார ஒன்றுமில்லை.

நாலு கோரிக்கை வைத்தோம்: பண்டலை மேஜை மட்டத்தில் வைக்கப் பெட்டி, சாய்மானமுள்ள நாற்காலி, ஊசிக்கு நேரே விளக்கு, செக்கிங் மேஜைக்கு உயரமான ஸ்டூலும், நிற்கும்போது ஒரு காலை மாற்றி வைக்க ஒரு கட்டையும். முதலில் முடியாது என்றார்கள். மூன்று தடவை போய்ப் பேசினோம். பெட்டியும் விளக்கும் உடனே கிடைத்தன. ஸ்டூல் ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது. நாற்காலி இன்னும் கிடைக்கவில்லை. கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையுமா?

நிர்வாகம் எப்போதும் சொல்கிற பதில் இது: "மணிக்கு மணி எழுந்து நடந்தால் ஷிப்மெண்ட் என்னாவது?"

இதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் இறைச்சி ஆலையில், வழக்கமான இடைவேளைக்கு மேல் தினமும் 36 நிமிஷம் கூடுதல் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி உற்பத்தி குறையவில்லை. மணிக்கு ஒரு தடவை ஒன்பது நிமிஷம் என்ற முறையைத் தொழிலாளர்கள் விரும்பினார்கள். அதே தேசத்தில், நாள் முழுதும் விசைப்பலகை தட்டி விவரம் பதிகிற ஊழியர்களுக்கு நாளைக்கு இருபது நிமிஷம் கூடுதல் ஓய்வு கொடுத்தார்கள். உடல் வலி குறைந்தது. வேலையின் அளவு அப்படியே நின்றது. சோர்ந்த கை மெதுவாகத் தைக்கும், கோணலாகத் தைக்கும். கோணல் பீஸைப் பிரித்துத் தைக்கிற நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

கலிபோர்னியா மாகாணத்து வயல்களில் ஓரடிப் பிடியுள்ள குட்டைக் களைக்கொத்து இருந்தது. அதைப் பிடித்தால் நாள் முழுதும் இரண்டாக மடிந்துதான் வேலை செய்ய வேண்டும். முதுகு ஒடிந்தவர்கள் ஆயிரக் கணக்கானவர்கள். "நீளப் பிடி கொடுத்தால் பயிர் பாழாகும்" என்று பண்ணை முதலாளிகள் வாதாடினார்கள். தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் அந்தக் குட்டைப் பிடி தடை செய்யப்பட்டது. பயிர் பாழாகவில்லை. அங்கே கீரை இன்றும் விளைகிறது. மனிதன் நிமிர்ந்து நின்று விளைவிக்கிறான்.

நம் கையில் உள்ள உரிமை

நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொல்லியது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது. அது கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது. யாரும் தானாகக் கொடுக்கவில்லை.

இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி, பணம் கட்டிய நாள் கணக்குச் சரியாக இருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருஷத்தில் 91 நாள் வரை சராசரி நாட்கூலியில் 70 சதவீதம் பெறலாம். டிஸ்க் நழுவல் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு நீடித்த உதவியும் உண்டு. ஆகவே உங்கள் பெயரில் பணம் பிடித்தம் ஆகிறதா, கட்டப்படுகிறதா என்று இன்றே பாருங்கள். வலி வந்த பிறகு பார்ப்பது, கிணறு வற்றிய பிறகு வாளி தேடுவது போல.

ஸ்டூல்

முடிக்கு முன் அந்த அக்காவைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். எங்கள் செக்கிங் மேஜைக்கு ஸ்டூல் வந்த வாரம், விசாரித்துக் கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டிக் கொண்டிருந்தார். கம்பெனியில் வாங்கியதில் பாதி கிடைத்தால் அதிகம். "ஸ்டூல் வந்திருச்சுங்கக்கா" என்றேன். "நல்லதுங்க தம்பி. இருக்கற புள்ளைகளுக்காச்சும் ஆகும்" என்றார். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்புங்கக்கா" என்றேன். அவர் கத்தரியை நிறுத்தவில்லை. "எனக்கு அது இடுப்பு வலியைவிட வலிச்சுதுங்க தம்பி" என்றார்.

தோழர்களே, அந்த ஸ்டூல் ஏழு வருஷத்துக்கு முன்பே வந்திருக்கலாம். நான் கேட்டிருந்தால் அவர் இன்றும் நம்மோடு வேலை செய்து கொண்டிருக்கலாம். ஒரு நல்ல செக்கிங் கையை இழந்தது கம்பெனி மட்டுமல்ல, நாமும்தான்.

என் வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. குறைந்திருக்கிறது. சில வாரம் மறந்தே போகிறேன். சில வாரம் அது நினைவுபடுத்துகிறது. ஆனால் நான் வேலையில் இருக்கிறேன், மாத்திரை இல்லாமல் இருக்கிறேன், வலியை மறைக்காமல் இருக்கிறேன்.

நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து மிஷினில் இருக்கிறவரிடம், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். சிரிக்காதீர்கள். அந்தத் தாளிலிருந்துதான் ஸ்டூலும் வரும், விளக்கும் வரும், நாற்காலியும் வரும்.